தூங்கி விழுந்த அக்காவும் ஒன்பது மணிக் கூட்டமும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



இன்னிக்குத் தவணை பற்றிப் பேச வரலை. தூக்கத்தைப் பற்றிப் பேச வந்திருக்கோம். சிரிக்காதீங்க.

நிலக்கோட்டைப் பக்கம் பூப்பறிக்கிற பெண்களின் குழு ஒன்று. இரவு 9 மணிக்குத்தான் கூட்டம். மூன்று மாதத்துக்கு முன்னால், கடன் விண்ணப்பம் வாசிக்கும்போதே ஒரு அக்கா சுவரில் சாய்ந்து தூங்கிட்டாங்க. "பத்து ரூபாய் அபராதம் போடுங்க"ன்னு யாரோ சொல்ல, எல்லாரும் சிரிச்சாங்க. நாங்களும்தான் சிரிச்சோம்.

கூட்டம் முடிந்து அவங்களோட நடந்து போகும்போதுதான் கணக்குக் கேட்டோம். மல்லிகையை மொட்டாகப் பறித்தால்தான் விலை. அதனால் 3 மணிக்கு எழுந்து, உலை வைத்துவிட்டு, தலையில் லைட்டைக் கட்டிக்கிட்டுத் தோட்டத்துக்குப் போகணும். இரவு பாத்திரம் கழுவிப் படுக்க 10.30. தூக்கம் நாலரை மணி நேரம். கூட்ட நாளில் மூன்றரை. அந்த ஒரு மணி நேரத்தை எடுத்தது நாங்கள்தான். வருகைப் பதிவு நன்றாக இருக்கும் என்றுதான் அந்த நேரத்தை வைத்திருந்தோம்.

வயது வந்தவருக்குத் தினமும் 7 மணி நேரமாவது தூக்கம் வேணும். தூங்கும்போது இரத்த அழுத்தம் இறங்குது, இதயத்துக்கு அதுதான் ஓய்வு. வருஷக்கணக்கில் தூக்கம் குறைந்தால் பிரஷர், சர்க்கரை வர வாய்ப்பு கூடும். பிள்ளைகள் மேல் எரிந்து விழுவதும் பாதி இதனால்தான். நாம் அதைக் கோபம் என்கிறோம்.

ஆனால் எல்லாச் சோர்வும் தூக்கக் குறைவு இல்லை. அந்த அக்காவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனோம். ஹீமோகுளோபின் 8 கிராம். 12 இருக்கணும். (அவங்க சம்மதத்தோடுதான் சொல்றோம்.) இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தாங்க. அதை டீயோடு போட்டால் சத்து சரியாகச் சேராது. மாலைக்கு மேல் குடிக்கிற டீ தூக்கத்தையும் கெடுக்கும். தூக்கம் வரலைன்னு கடையில் கேட்டு மாத்திரை வாங்கிப் போடாதீங்க.

வீட்டில் வேறு யாரும் பாத்திரம் கழுவ மாட்டாங்களான்னு கேட்டோம். "ஆம்பளைப் புள்ளைகிட்ட எப்படிச் சொல்றது?"ன்னாங்க. பத்தாவது படிக்கிற பையன் தட்டைக் கழுவினால் கை தேய்ந்துவிடாது. இப்போ அவன் கழுவறான். அக்கா 9 மணிக்குப் படுக்கறாங்க. மதியம் அரை மணி நேரம் கண் அசரறாங்க. இன்னும் 7 மணி நேரம் ஆகலை.

அந்தக் குழு இப்போது மாலை 4 மணிக்குக் கூடுது. இரண்டு பேருக்கு அந்த நேரம் ஒத்து வரலை. அவங்க சேமிப்பை மட்டும் கொடுத்து அனுப்பறாங்க. அதற்கு வழி இன்னும் கண்டுபிடிக்கலை.

உங்க குழுவில் ஒவ்வொருத்தரும் எத்தனை மணிக்குப் படுக்கறாங்க, எத்தனை மணிக்கு எழுந்திருக்காங்கன்னு கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுதி அடுத்த மாதம் கொண்டு வாங்க. கூட்ட நேரத்தை அதைப் பார்த்துப் பேசுவோம்.