குதிரையேற்றமும் குதிரை வளர்ப்பும்
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விடுமுறையில் குதிரையேற்ற முகாம் ஒன்று நடத்த வேண்டுமென்று இளைஞராகிய நாம் கேட்டபோது, பெரியோர் சிலர் முகஞ் சுளித்தனர். "படிக்க வைத்தது மறுபடியும் லாயங் கூட்டுவதற்கா?" என்றனர். அவ்வினாவிலே நியாயம் உண்டு. மோட்டார் வண்டி வருமுன் தோட்டத்துரைமார் குதிரையேறியே மலை சுற்றினர். அக்குதிரைகளுக்குக் கொள்ளு வைத்து, உடல் தேய்த்து, கூடவே நடந்த குதிரைக்காரரிற் பலர் நம்மவர். ஏறியவர் துரை, பேணியவர் நாம்.

நாம் கேட்பது அந்தப் பழைய நிலையையன்று. ஏறுவதையும் பேணுவதையும் ஒருவரே கற்கவேண்டும் என்கின்றோம். 1929இல் பிரித்தானியாவில் தொடங்கிய போனி கிளப் சிறுவர்க்கு இவ்விரண்டையும் சேர்த்தே கற்பிக்கின்றது. பாண்டவருள் நகுலன் விராடன் அரண்மனையிற் குதிரைகளைப் பேணினான். அதனால் அவன் பெருமை குன்றவில்லை.

இக்கலையில் அறிய வேண்டியன பல. குதிரையின் உடல் பெரிது, இரைப்பை சிறிது. ஆகவே சிறிது சிறிதாகப் பலமுறை தீனி வைக்கவேண்டும். அதனால் வாந்தியெடுக்க இயலாது. வயிற்றுவலி கண்டால் உயிருக்கே ஆபத்து. நேர் பின்னால் நிற்பவரை அது காணாது. குரல் கொடாமல் அணுகினால் உதைக்கும். நம் மலைநாட்டு ஈரத்தில் குளம்பு அழுகும். தினமும் அழுக்கெடுத்து, உலர்ந்த இடத்தில் நிறுத்தவேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கொருமுறை குளம்பைச் சீவி லாடத்தைக் கவனிக்க வேண்டும்.

வட்டகொடையிலிருந்து நானுஓயாவுக்குப் புகையிரதத்திற் சென்றால் நுவரெலியா அண்மையிலேயே உள்ளது. 1875இல் அமைந்த பந்தயத்திடல் அங்குண்டு. கிரகரி வாவிக்கரையிற் பயணிகளை ஏற்றிக் குதிரைகள் நடக்கின்றன. அவ்வாயில்லாச் சீவன்களின் நலம், நடத்துவோரின் அறிவைப் பொறுத்தது.

ஆதலால், கால்நடை வைத்தியர் ஒருவரை அழைத்து ஒருவார முகாம் நடத்துவோம். முதல் மூன்று நாளும் லாயத்தில். அதன் பின்னரே சேணம். ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகளும் பயிலட்டும். அவர்களுள் ஒருவர் நாளை பேராதனையிற் கால்நடை மருத்துவம் பயின்று திரும்பினால், பெரியோரின் வினாவுக்கு அதுவே விடையாகும்.