சியோலில் எதைப் பார்த்துவிட்டு வந்தீர்கள்?



2024இல் திருவனந்தபுரத்தின் பெயர் இரண்டு முறை உலகத்துக்குத் தெரிந்தது. ஜூலையில், தம்பானூர் ரயில் நிலையத் தண்டவாளத்துக்கு அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் தோடு என்ற கால்வாயில் குப்பை அள்ள இறங்கிய கூலித் தொழிலாளி வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போகப்பட்டார். முக்குளிப்பவர்கள் பிளாஸ்டிக் குவியலை விலக்கி விலக்கித் தேடினார்கள். ரோபோ கூட இறங்கியது. மூன்றாம் நாள் பிணம்தான் கிடைத்தது. அது யார் குப்பை என்று ரயில்வேயும் மாநகராட்சியும் மல்லுக்கு நின்றன. அக்டோபரில் அதே மாநகராட்சிக்கு, நிலைத்த நகர வளர்ச்சிக்கான ஷாங்காய் விருது!

இந்தக் குப்பைக்கு வழி தேட வெளிநாட்டைப் பார்த்துக் கற்க வேண்டுமாம். தாராளமாகக் கற்போம். ஆனால் சியோலுக்குப் போகிறவர்கள் சோங்கேசோன் ஓடைக்கரையில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். மேம்பாலச் சாலையை இடித்து 2005இல் திறந்த ஓடை அது. அழகுதான். ஆனால் ஐயா, அதில் ஓடுவதில் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து மோட்டார் வைத்து இறைக்கிற தண்ணீர்! அதையா காப்பியடிப்பது? ஓடைக்குப் பத்து வருடம் முன்பே, 1995இல், தென்கொரியா வேறொன்று செய்தது. குப்பை போட வேண்டுமா, அதற்கென்று விற்கும் பையைக் காசு கொடுத்து வாங்கு. அதிகம் போட்டால் அதிகம் கட்டு என்றது. 2005இல் உணவுக் கழிவைக் கிடங்கில் நேராகக் கொட்டவும் தடை போட்டது. குப்பைப் பையோடு யார் படம் எடுத்துக்கொள்வார்?

குப்பைக்கு அவரவரே பொறுப்பு என்று கற்க விமானமும் வேண்டாம். விளப்பில்சாலைக்கு பஸ் இருக்கிறது. 2000 முதல் நம் குப்பையை அந்த ஊரில் கொண்டுபோய்க் கொட்டினோம். 2011 டிசம்பரில் பஞ்சாயத்தே அங்கிருந்த குப்பை ஆலைக்குப் பூட்டுப் போட்டது. அடுத்த ஆண்டு போலீஸ் காவலோடு லாரி வந்தபோது பெண்கள் முன்னால் நின்று மறித்தார்கள். கொட்ட இடம் இல்லாமல் போன பிறகுதான் வீட்டுக்கு உரத்தொட்டி, தெருவுக்கு உரக்கூண்டு என்று நகரம் வழிக்கு வந்தது. இன்று வீடு வீடாகக் கழிவு சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் மாதக் கட்டணம் கேட்டு வந்தால், எத்தனை மாளிகைகளின் கேட் திறக்கிறது? இருட்டியதும் ஸ்கூட்டரில் வந்து தோட்டில் வீசிவிட்டுப் போகிறவர் கொரியாக்காரரா?

சாலைக் கடைவீதி வியாபாரிகளே, உங்கள் கடைக் கழிவைப் பிரித்து அந்தப் பெண்களிடமே கொடுங்கள். கட்டணத்தை பாக்கி வைக்காதீர்கள். ரயில்வேயையும் நீர்ப்பாசனத் துறையையும் மாநகராட்சியையும் கேட்கிறேன்: தோட்டில் எதுவரை யார் பொறுப்பு என்று தம்பானூரில் பலகை எழுதி நடுங்கள். இந்த இடவப்பாதி மழைக்கு முன்பே நடுங்கள்!