கூரைமேல் ஓர் இரவு



கோடைக்கால இரவுகளில் மொட்டைமாடியில் பாய் விரித்து, நட்சத்திரங்களை எண்ணிக்கொண்டே கண்ணயர்ந்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். ஆனால், ஒரு மோட்டார் வண்டியின் கூரைமேல் படுத்து உறங்கியதுண்டா? சென்ற கார்த்திகை மாதத்தில் எனக்கு அந்தப் பாக்கியம் கிட்டியது. அந்த ஓர் இரவில் நான் கற்றுக்கொண்டவற்றையே இன்று உங்களோடு, சிறப்பாக மாணவ நண்பர்களோடு, பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

என் தங்கை மகன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளனாக இருக்கிறான். கர்நாடக எல்லையை ஒட்டி, கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த குளிர்ந்த ஊர் அது. அதை வண்டிகளின் ஊர் என்றே சொல்லிவிடலாம். 1980-ஆம் ஆண்டில் அசோக் லேலண்டின் லாரி ஆலை அங்கே தொடங்கியது, டி.வி.எஸ். மொபெட்டும் அதே ஆண்டில் அங்கிருந்துதான் சாலைக்கு வந்தது. பகலெல்லாம் வண்டிகளின் நடுவே வாழும் பிள்ளைக்கு, விடுமுறையிலும் வண்டியின்மேலேயே வாழவேண்டும் என்ற ஆசை பிறந்ததில் வியப்பில்லை. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும், ஜீப் இனத்தைச் சேர்ந்த உயரமான வண்டி ஒன்றை அவன் வாங்கினான். அதன் கூரையில் ஒரு கூடாரத்தையும் பொருத்திக்கொண்டான்.

இந்தக் கூரைக் கூடாரம் எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். வண்டி ஓடும்போது அது மடிந்து, ஒரு பெரிய பெட்டியைப்போலக் கூரையிலுள்ள கேரியரின்மேல் கிடக்கும். வண்டி நின்றதும் கட்டுகளை அவிழ்த்து விரித்தால், மெத்தையோடு கூடிய சிறு அறை ஒன்று எழுந்து நிற்கும். ஏறி இறங்க ஓர் ஏணியும் உண்டு. தரை ஈரமாக இருந்தாலும் கவலையில்லை; தேளும் பாம்பும் அண்டா. ஐரோப்பாவில் இத்தாலி நாட்டார் 1950-களின் பிற்பகுதியிலேயே இதைச் செய்து விற்கத் தொடங்கினர். பின்னர், கிழக்கு ஜெர்மனியில் டிராபண்ட் என்னும் மிகச் சிறிய காரின் தலையிலும் இது ஏறியது. ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நெடுந்தொலைவு செல்லும் பிரயாணிகளுக்கு இது பழகிய பொருள்.

நான் கல்லூரியில் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆகவே, புறப்படுமுன் வண்டியின் கையேட்டை வாங்கிப் படித்தேன். கூரைமேல் 75 கிலோவுக்கு மேல் ஏற்றலாகாது என்று அதில் கண்டிருந்தது. கூடாரத்தின் எடையோ 60 கிலோ. நாங்கள் இருவரும் சேர்ந்து 130 கிலோ. ஆக, மொத்தம் 190 கிலோ!

“தம்பி, கணக்கு இடிக்கிறதே!” என்றேன்.

அவன் சிரித்தான். “மாமா, 75 கிலோ என்பது ஓடும் வண்டிக்கு. நிற்கும் வண்டிக்குக் கணக்கு வேறு” என்றான்.

அவன் சொன்னது உண்மைதான். தலையில் நீர்க்குடம் வைத்துக்கொண்டு நிற்பது வேறு, அதனோடு ஓடுவது வேறு அல்லவா? வண்டி நிற்கும்போது கூரைமேலுள்ள பாரம் கீழ்நோக்கி அமைதியாக அழுத்துகிறது, அவ்வளவே. ஓடும்போதோ, சக்கரம் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும் கணத்தில், அதே பாரம் இரண்டு மூன்று மடங்காக மோதக்கூடும். பிரேக் பிடித்தால் முன்னே பாயும். வளைவில் திரும்பினால் பக்கவாட்டில் இழுக்கும். இந்த ஆட்டங்களையெல்லாம் தாங்கவேண்டியிருப்பதால்தான் ஓட்டத்துக்குரிய அளவு சிறிதாக இருக்கிறது. நிற்கும்போது அதைப் போலப் பல மடங்கைக் கூரை தாங்கும். ஆயினும் வண்டிக்கு ஓர் அளவு, கேரியருக்கு ஓர் அளவு, கூடாரத்துக்கு ஓர் அளவு என்று தனித்தனியே உண்டு. அவற்றில் எது சிறியதோ அதற்கே நாம் கட்டுப்பட வேண்டும்.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. வைக்கோலை மலைபோல் ஏற்றிக்கொண்டு வரப்போரம் வரும் மாட்டுவண்டியைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சக்கரம் சற்றே தாழ்ந்தாலும் வண்டி முழுவதும் சாய்ந்து நம்மை அஞ்சவைக்கும். பாரம் உயர உயர, புவியீர்ப்பு மையமும் உயர்கிறது என்பதே காரணம். ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன்; காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 1,800 கிலோ எடையுள்ள வண்டி. அதன் புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 75 சென்டிமீட்டர். அதன்மேல் 195 சென்டிமீட்டர் உயரத்தில் 60 கிலோ கூடாரத்தை வைக்கிறோம். பெருக்கிக் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால், புதிய மையம் ஏறக்குறைய 79 சென்டிமீட்டருக்கு வந்துவிடும். கூடாரத்தின் பங்கு எடையில் நூற்றுக்கு மூன்றுதான். ஆனால், சாயாமல் நிற்கும் திறனிலோ நூற்றுக்கு ஐந்து குறைந்துவிடுகிறது. சாதாரணக் காரைவிட உயரமாக நிற்கும் வண்டிக்கு இந்தக் குறைவு சிறியதன்று. வளைவில் வேகத்தைக் குறைப்பது ஒன்றே இதற்கு மருந்து. என் மருமகன் அன்று அப்படித்தான் ஓட்டினான். சாலையோரப் புளியமரங்களின் தாழ்ந்த கிளைகளையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே சென்றான்.

நாங்கள் சென்றது ஓசூருக்குத் தெற்கே, தளியைக் கடந்து, ஜவளகிரிக் காட்டின் ஓரமாக உள்ள ஒரு சிற்றூருக்கு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் பகுதி அது. காப்புக்காட்டினுள் அனுமதியின்றி நுழைவது சட்டப்படி குற்றமாதலால், காட்டுக்கு வெளியே, நண்பர் ஒருவரின் மாந்தோப்பில் தங்கக் கேட்டு வைத்திருந்தோம். தோப்பின் கடைசியில் ஒரு சிறு குட்டை இருந்தது. அதன் கரையில் வண்டியை நிறுத்தினால், விடியலில் பனிமூட்டத்தினூடே காட்டைப் பார்க்கலாம் என்று மருமகன் ஆசைப்பட்டான். ஏணியைக்கூட இறக்கிவிட்டான்.

அப்போது பக்கத்துக் கேழ்வரகு வயலிலிருந்து முதியவர் ஒருவர் எழுந்து வந்தார். அவ்வயலின் மூலையில் நின்ற மரத்தில், இருபதடி உயரத்தில், கழிகளால் கட்டிய பரண் ஒன்று இருந்தது. சங்ககாலத்தில் தினைப்புனம் காத்தவர்கள் இதனை இதணம் என்று அழைத்தார்கள். பெயர் மாறிற்றே ஒழிய வேலை மாறவில்லை.

“ஐயா, இங்கே நிற்க வேண்டாம். இது அவர்கள் தண்ணீருக்கு வரும் வழி” என்றார் முதியவர்.

‘அவர்கள்’ என்றது யானைகளை. பன்னார்கட்டாக் காடும் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகளும் தொடர்ந்து கிடப்பவை. மாநில எல்லை நமக்குத்தான், யானைக்கு இல்லை. ஆண்டுதோறும் மழைக்காலத்தின் முடிவில், கேழ்வரகு கதிர் முற்றும் பருவத்தில், கூட்டம் கூட்டமாக அவை கர்நாடகப் பக்கத்திலிருந்து இப்புறம் வருகின்றன. இக்காடுகளில் ஒரு பகுதி 2014-ஆம் ஆண்டு முதல் காவேரி வடக்கு வனவுயிரினச் சரணாலயமாக இருக்கிறது.

“நாங்கள்தான் மேலே படுக்கப்போகிறோமே, தாத்தா?” என்றான் மருமகன்.

“மேலே என்றால் எவ்வளவு மேலே, தம்பி?”

நான் கண்ணால் அளந்தேன். எங்கள் மெத்தை தரையிலிருந்து ஆறரை அடி. முதியவர் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. மருமகன் ஏணியை மடக்கினான். வண்டியைத் தோட்டக்காரரின் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தினோம்.

படுக்கை சுகமாகத்தான் இருந்தது. வடக்கே, ஓசூர் ஆலைகளின் வெளிச்சம் வானத்தின் அடியில் மங்கலாகத் தெரிந்தது. குளிருக்கு இதமாகப் போர்த்திக்கொண்டு உறங்கிவிட்டேன். இரவு இரண்டு மணியிருக்கும். தகரம் தட்டும் ஓசை கேட்டு விழித்தேன். ஒரு பரணிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். தொலைவிலிருந்த மற்றொரு பரணிலிருந்து பதில் குரல் வந்தது. டார்ச்சு வெளிச்சங்கள் பனியில் அலைந்தன. அவற்றுக்கு இடையே, கிளைகள் முறியும் ஓசை. நாங்கள் ஒன்றையும் காணவில்லை. எழுந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். கிழக்கு வெளுக்கும்வரை அந்த ஆரவாரம் ஓயவில்லை.

காலையில் குட்டைக்கரைக்குச் சென்றோம். நாங்கள் வண்டி நிறுத்த எண்ணியிருந்த இடத்தில், ஈர மண்ணில், வட்ட வட்டமாகச் சுவடுகள். யானையின் முன்னங்காற் சுவட்டின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் அதன் தோள் உயரம் கிடைக்கும் என்பது யானைகளை அறிந்தவர்கள் வெகு காலமாகக் கையாளும் கணக்கு. மருமகன் ஒரு கயிற்றால் சுற்றி அளந்தான். நான்கரை அடி. அப்படியானால் தோளுயரம் ஒன்பது அடி! எங்கள் ஆறரை அடி மெத்தையை நினைத்துப் பார்த்தேன். அந்த யானைக்குத் துதிக்கையை உயர்த்தவேண்டிய தேவைகூட இருந்திராது. நேற்று மாலை நான் அத்தனை கணக்குப் போட்டேனே! கூரை எவ்வளவு தாங்கும் என்று கேட்டேன். வண்டி எப்போது சாயும் என்று கேட்டேன். அந்தக் கூரை எங்கே நிற்கப்போகிறது, அந்த இடம் யாருடைய வழி என்று நான் கேட்கவில்லை. அதற்கு விடை கையேட்டில் இல்லை. பக்கத்து வயலில் இருந்தது.

அவ்வயலில் ஏறத்தாழ அரை ஏக்கர்க் கேழ்வரகு மிதிபட்டுக் கிடந்தது. ஊடுபயிரான அவரையும் தரையோடு தரையாகிவிட்டது. பயிர்ச்சேதத்துக்கு அரசின் நஷ்டஈடு உண்டு. ஆனால், ஆண்டு முழுவதும் வீட்டில் களி கிளறுவதற்கான தானியம் அது. முதியவர் நெடுநேரம் நின்று பார்த்தார். பிறகு, “மிச்சத்தை இன்றே அறுத்துவிட வேண்டும்” என்று சொல்லிக் கதிர் அரிவாளை எடுத்தார்.

நாங்களும் இறங்கினோம். மருமகனுக்கு அரிவாள் பழக்கமில்லை; விரலில் இரண்டு இடங்களில் வெட்டிக்கொண்டான். கட்டிய கதிர்க்கட்டுகளைக் களத்துக்குக் கொண்டுபோக வண்டி உதவியது. கூரையில் கூடாரம் இருந்ததால் அங்கே இடமில்லை; உள்ளே, இருக்கைகளின்மேல் அடுக்கினோம். நண்பகலுக்குள் எஞ்சியதெல்லாம் களம் சேர்ந்தது.

விடைபெறும் வேளையில், முதியவருக்குக் கூடாரத்தைப் பார்க்க ஆசை வந்தது. மருமகன் விரித்துக் காட்டினான். அவர் ஏணியில் நிதானமாக ஏறி, மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்தார். நான்கு பக்கமும் திரும்பிப் பார்த்தார். பிறகு இறங்கி வந்து, தலையை அசைத்தார்.

“நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி. ஆனால், இதில் படுத்தால் தூக்கம் வந்துவிடுமே!” என்றார்.

நாங்கள் உறங்குவதற்காக உயரத்தைத் தேடிப் போனோம். அவரோ விழித்திருப்பதற்காக அதன்மேல் ஏறுகிறார். மாணவ நண்பர்களே, நாளை நீங்களும் இத்தகைய வண்டிகளில் ஊர் சுற்றப் புறப்படுவீர்கள். கட்டாயம் புறப்படுங்கள், நாட்டைப் பார்ப்பதைப்போன்ற கல்வி வேறில்லை. ஏணியை இறக்குமுன் மட்டும், அருகில் பரண் ஏதேனும் தெரிகிறதா என்று ஒருமுறை பாருங்கள். தெரிந்தால், அங்கே சென்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்து படுங்கள்.