பீகாரை முன்வைத்து: பள்ளிக்கூடம், தொகுப்பூதியம், செங்கல் சூளை

(கருத்தரங்கம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பீகார் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் இங்கே ரெண்டு மூணு பேர் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை நமக்குள் யார் வைத்தது என்பதிலிருந்தே தொடங்கலாம். 2015 மார்ச்சில் வைசாலி மாவட்டத்தில் மனார் என்ற ஊரில் பத்தாம் வகுப்புத் தேர்வு நடக்கிறது. பள்ளிக்கூடத்துச் சுவரில் பல்லி மாதிரி ஆட்கள் தொத்திக்கொண்டு மாடி சன்னல் வழியாகப் பிட்டு கொடுக்கிறார்கள். அந்தப் படம் உலகம் பூரா போனது. 'பீகார்னா இதுதான்' என்று எல்லோரும் பேசி முடித்தார்கள். உள்ளே உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு அந்த வருசம் கணக்குச் சொல்லித்தர ஒரு ஆள் இருந்தாரா என்று கேட்டவர்கள் ரொம்பக் குறைச்சல்.

2023 சாதிக் கணக்கெடுப்பின்படி பீகாரில் 13 கோடிப் பேர். அதில் பட்டியல் சாதியினர் 19.65 சதம். 1793இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த நிரந்தர நிலவரித் திட்டம் அந்த மண்ணை ஜமீன்தார்கள் கையில் எழுதிக் கொடுத்தது. பூமிகார், ராஜபுத்திரர், பார்ப்பனர், காயஸ்தர் கையில்தான் நிலமும் இருந்தது, எழுத்தும் இருந்தது. 'உழுகிறவனிடம் வரி வாங்கி மேல்சாதிக்காரன் படிப்புக்குச் செலவழிக்கிறீர்களே' என்று 1882இல் ஹண்டர் குழுவிடம் ஜோதிராவ் பூலே கேட்டாரே, அந்தக் கேள்வியைப் பீகாரில் கேட்க ஆள் வர ரொம்ப காலம் ஆனது.

வந்தவர்களில் ஒருவர் கர்ப்பூரி தாக்கூர், நாவிதர் சாதியில் பிறந்தவர். 1967இல் துணை முதல்வராகவும் கல்வி அமைச்சராகவும் இருந்தபோது, மெட்ரிக் தேர்வில் இங்கிலீஷில் தேறியாக வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்தார். கிராமத்துப் பிள்ளைகளை வாசலிலேயே வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்த கத்தி அது. உடனே உயர்சாதிக்காரர்கள் 'கர்ப்பூரி டிவிசன்' என்று ஒரு கேலிப் பெயர் கண்டுபிடித்தார்கள். முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு மாதிரி, இங்கிலீஷ் இல்லாமல் தேறியவன் கர்ப்பூரி வகுப்பாம். நம்மில் சிலர், இங்கிலீஷை எடுத்ததால்தான் தலித்துகள் கெட்டார்கள் என்று பேசுகிறார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. அவர் எடுத்தது தோற்கடிக்கிற கட்டாயத்தை. சொல்லிக்கொடுக்கிற வாத்தியாரைக் கொண்டுவந்து கிராமத்தில் வைத்திருக்க வேண்டியது அதற்கப்புறம் வந்த ஆட்சிகளின் வேலை. அதைச் செய்யவில்லை. கான்வென்ட் பக்கம் போனவன் இங்கிலீஷையும் வைத்துக்கொண்டான், கேலியையும் வைத்துக்கொண்டான்.

அப்புறம் லாலு. 1990களின் தொடக்கத்தில் 'சர்வாகா வித்யாலயா' என்று மாடு மேய்க்கிற பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடங்கள். முதலாவது முசாபர்பூர் பக்கம் துர்க்கியில் தொடங்கியது. மாடு ஒரு பக்கம் மேயும், பிள்ளை ஒரு பக்கம் படிக்கும். கேட்க நல்லாத்தான் இருக்கு. மாடு மேய்த்த வீட்டிலிருந்து முதலமைச்சரானவர் செய்தது, அந்த நோக்கத்தை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் 1953இல் ராஜாஜி இங்கே அரைநேரம் பள்ளிக்கூடம், அரைநேரம் அப்பன் தொழில் என்று கொண்டுவந்ததை எதிர்த்து நின்ற மண்ணிலிருந்து பார்க்கிறபோது, மாட்டையும் பிள்ளையையும் சேர்த்தே பள்ளிக்கு வரச்சொல்வது உறுத்துகிறது. கொஞ்ச வருசத்தில் அந்தப் பள்ளிகள் கேட்பாரற்றுப் போயின.

இனி முசாகர்களுக்கு வருகிறேன். மூசா என்றால் எலி. எலி தின்கிறவன் என்று மற்றவன் வைத்த பெயரையே சாதிப் பெயராகச் சுமக்கிறார்கள். சுமார் 40 லட்சம் பேர். 2001 கணக்கெடுப்பில் பீகார் பூராவும் எழுத்தறிவு 47 சதம். பட்டியல் சாதியினருக்கு 28.5. முசாகர்களுக்கு எவ்வளவு தெரியுமா? 9 சதம். சுதந்திரம் வந்து ஐம்பத்து நாலு வருசம் கழித்து, நூற்றுக்கு ஒன்பது பேர்! 2014 மே மாதம் அந்தச் சாதியிலிருந்து ஜீத்தன் ராம் மாஞ்சி முதலமைச்சரானார். ஒன்பது மாதம் இருந்தார். மதுபனி பக்கம் ஒரு கோயிலுக்குத் தான் போய் வந்த பிறகு அதைக் கழுவிவிட்டார்கள் என்று அந்த செப்டம்பரில் அவரே சொன்னார். முதலமைச்சரின் காலடிக்கே அதுதான் என்றால், முதல் வகுப்பில் மூக்கொழுக உட்கார்ந்திருக்கிற முசாகர் பிள்ளையை வாத்தியார் எங்கே உட்கார வைத்திருப்பார் என்பதை நம்ம சேரிப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

'அவங்க பிள்ளைகளை அனுப்ப மாட்டேங்கறாங்க' என்கிறார்கள். அதிகாரியும் சொல்கிறார், சில முற்போக்குத் தோழர்களும் சொல்கிறார்கள். சரி, கணக்குப் பார்ப்போம். கயா, நவாதா மாவட்டத்து முசாகர் குடும்பங்கள் மழைக்காலம் முடிந்து முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்குக் கிளம்புகின்றன. உத்தரப் பிரதேசத்துச் சூளை, அதற்கும் அப்பாலுள்ள சூளை. புருசன், பெண்டாட்டி, பிள்ளை எல்லாரும் சேர்ந்துதான் கல் அறுக்க வேண்டும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்றுதானே கூலி? திரும்பி வருவது அடுத்த மழைக்கு முன்னால், ஜூன் வாக்கில். பீகாரில் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஆக, அந்தப் பிள்ளை ஒரு வகுப்பின் கடைசியிலும் இல்லை, அடுத்த வகுப்பின் தொடக்கத்திலும் இல்லை. சீருடைப் பணம், சைக்கிள் பணம் எல்லாவற்றுக்கும் 75 சதம் வருகை வேண்டும் என்று விதி போட்டார்கள். பிறகு தளர்த்துவார்கள், மறுபடி இறுக்குவார்கள். எப்படிப் போட்டாலும் முதலில் விழுவது சூளைக்குப் போன பிள்ளைதான்.

2023இல் இன்னொன்று நடந்தது. தொடர்ந்து வராத பிள்ளைகளின் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடிக்கச் சொல்லி உத்தரவு. தனியார் பள்ளியில் படித்துக்கொண்டே அரசுப் பணத்தையும் வாங்குகிறவர்களைப் பிடிக்கிறோம் என்றார்கள். அப்படியும் சிலர் இருந்திருப்பார்கள், மறுக்கவில்லை. 20 லட்சத்துக்கு மேல் பெயர்கள் அடிபட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்கிறது. வெளியேற்றவில்லையாம், பெயரை அடித்தார்களாம்! பேனாவுக்கு இருக்கிற சாமர்த்தியத்தைப் பாருங்கள்.

அடுத்தது வாத்தியார். 2003இல் சிக்ஷா மித்ரா என்று பதினோரு மாத ஒப்பந்தத்தில் மாதம் 1500 ரூபாய்க்கு ஆள் எடுத்தார்கள். 2006இல் பஞ்சாயத்து ஆசிரியர். பயிற்சி இல்லாதவருக்கு 4000, பயிற்சி பெற்றவருக்கு 5000. தொகுப்பூதியம் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பஞ்சாயத்துத் தலைவர் கையில் நியமனத்தைக் கொடுத்தால் யாருக்கு வேலை போகும், எவ்வளவு கைமாறும் என்பதையும் சொல்ல வேண்டியதில்லை. போலிச் சான்றிதழ் விவகாரம் முற்றி, 2015இல் பாட்னா உயர்நீதிமன்றம் விசாரணைக்கு உத்தரவிடுகிற அளவுக்குப் போனது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, அதை நாம் ஒளிக்கக் கூடாது. அதே நியமனத்தில் பாதி இடம் பெண்களுக்கு. இடஒதுக்கீடும் இருந்தது. நாற்காலியையே தொடாத வீடுகளிலிருந்து தலித் பெண்கள் வாத்தியாரம்மாவாக வந்து உட்கார்ந்தார்கள். நிரந்தர வேலையும் முழுச் சம்பளமுமாக இருந்த காலத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? மிசிரா, சிங், சின்கா. நம் ஆள் வந்து சேர்கிறபோது வேலை கூலியாகிவிட்டது. சம வேலைக்குச் சம ஊதியம் என்று அந்த ஆசிரியர்கள் வழக்குப் போட்டார்கள். 2017 அக்டோபரில் உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2019 மே மாதம் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2023இல்தான் அரசுப் பணியாளர் தேர்வாணையம் மூலம் ஒன்றே முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான இடங்களுக்குத் தேர்வு வைத்து, சுமார் 1,20,000 பேரை எடுத்தார்கள். பழைய ஒப்பந்தக்காரர்களுக்கும் ஒரு தகுதித் தேர்வு வைத்து அரசு ஊழியராக்கும் வேலை 2024இல் தொடங்கியது. இது பெரிய காரியம், நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நடுவில் இருபது வருசத்துப் பிள்ளைகள் போய்விட்டார்கள், அவ்வளவுதான்.

சைக்கிளையும் சொல்லிவிடுகிறேன். 2006இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு சைக்கிள் வாங்க 2000 ரூபாய். உயர்நிலைப் பள்ளியில் ஆண் பெண் இடைவெளி சுமார் 40 சதம் குறைந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தப் பெண்கள் கும்பலாக சைக்கிள் மிதித்துப் போகிற படத்தை எவனும் மனார் படத்தைப் போல ஊர் ஊராகக் காட்டவில்லை.

16 ஜூலை 2013. சரண் மாவட்டம், கண்டாமன் கிராமம். மதியச் சோறு தின்று 23 பிள்ளைகள் செத்தார்கள். எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து. எண்ணெய் சரியில்லை என்று சமைத்த அம்மா சொல்லியும் சமைக்க வைத்தார்கள். தலைமையாசிரியைக்கு 2016இல் தண்டனை கிடைத்தது. அதோடு முடித்துக்கொண்டார்கள். அந்தப் பள்ளிக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது, ஊர்ப் பொதுக்கூடத்தில் நடந்தது. பீகாரில் கட்டடமில்லாத பள்ளி ஏன் என்று கேட்டால், இடம் கிடைக்கவில்லை என்பார்கள். ஜமீன் ஜமீனாக நிலம் கிடந்த நாட்டில் பள்ளிக்கூடத்துக்கு நாலு சென்ட் இல்லை!

இங்கேதான் இரண்டு அறிக்கைகள் வருகின்றன. 2006இல் நிதிஷ்குமார் அரசு முச்குந்த் துபே தலைமையில் பொதுப்பள்ளி முறைக்கு ஒரு ஆணையம் அமைத்தது. பண்ணையார் பிள்ளையும் பண்ணையாள் பிள்ளையும் பக்கத்துப் பள்ளியில் ஒன்றாகப் படிப்பது, தனியார் பள்ளியும் அதற்குள் அடங்குவது, எத்தனை வருசத்தில் எவ்வளவு பணம் என்ற கணக்கோடு. 2007 ஜூனில் அறிக்கை வந்தது. நிலச் சீர்திருத்தத்துக்கு பந்தோபாத்யாய ஆணையம் 2008இல் அறிக்கை கொடுத்தது. நில உச்சவரம்பு 15 ஏக்கர், குத்தகை விவசாயிக்குச் சட்டப் பாதுகாப்பு. இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். நிலத்தைத் தொட்டால் பூமிகார் கோபிப்பான், பள்ளியைத் தொட்டால் கான்வென்ட்காரன் கோபிப்பான், இரண்டு பேரும் பல சமயம் ஒரே ஆள். அதற்குப் பதிலாக மகாதலித் ஆணையம், டோலா சேவக் என்று வந்தது. முசாகர் குடியிருப்பிலேயே ஒரு இளைஞனை எடுத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்வது. அந்த இளைஞர்கள் உண்மையாகவே உழைத்தார்கள். ஆனால் அவர்களுக்கும் கையில் கிடைத்தது மதிப்பூதியம்தான்.

நான் வங்கியில் கவுன்டரில் உட்கார்கிறவன். ஊருக்குப் பணம் அனுப்ப வருகிற பீகார்ப் பையன்கள் படிவத்தை நீட்டி 'பையா, பர் தோ' என்பார்கள். நிரப்பிக் கொடு அண்ணே என்று அர்த்தம். பின்னால் வரிசையில் நிற்கிறவர் 'வடக்கன்' என்று முணுமுணுப்பார். முணுமுணுக்கிறவர்களில் நம் சேரிக்காரரும் உண்டு, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

திருப்பூரிலும் சென்னையைச் சுற்றிய கட்டட வேலை நடக்கிற இடங்களிலும் அவர்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். இங்கே வந்திருக்கிற மாணவத் தோழர்கள் தங்கள் ஊர் அரசுப் பள்ளிப் பதிவேட்டில் அந்தப் பெயர்கள் இருக்கின்றனவா என்று தலைமையாசிரியரிடம் போய்க் கேளுங்கள். வயதுச் சான்று இல்லை என்று சேர்க்க மறுக்கக் கூடாது, 14ஆம் பிரிவு. வேறு பள்ளியிலிருந்து வருகிற பிள்ளையை மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று நிறுத்தி வைக்கவும் கூடாது, 5ஆம் பிரிவு. சட்ட நகல் என்னிடம் இருக்கிறது, வேண்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் வாங்கிக்கொள்ளுங்கள். கேள்வி இருந்தால் கேளுங்க.