ஒரே ஆறு, இரண்டு கரை

களனி கங்கை கடலில் கலக்கும் இடத்துக்குக் கிட்டத்தான் கொட்டாஞ்சேனை. நடுச்சாமத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்தால், ஓர் ஓட்டோவைப் பிடித்துப் பொரளை லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குப் போய்விடலாம். வெள்ளவத்தைக்காரருக்குக் களுபோவில வைத்தியசாலை பக்கத்திலேயே இருக்கிறது. போன இடத்தில் வரிசை நீளமாக இருக்கலாம். ஆனாலும் போய்ச் சேரலாம்.

இதே ஆறு ஊற்றெடுப்பது சிவனொளிபாத மலைப் பக்கத்தில். அங்கே மஸ்கெலியா ஓயாவும் கெசல்கமு ஓயாவும் ஓடும் பள்ளத்தாக்குகளில் தேயிலைத் தோட்டங்கள். மேல்மலை லயத்தில் ஒருத்திக்குப் பேறுவலி எடுத்தால், குன்றும் குழியுமான தோட்டப் பாதையில் அவளை முதலில் பெரிய ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் ஓட்டோக்காரர்கூடத் தயங்குவார். கொழுந்து லொறியில் ஏற்றிய கதைகள் மலையகத்தில் ஏராளம்.

இந்த இடைவெளிக்கு மலை மட்டும் காரணமில்லை. 1926 இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. வீடு தேடி வரும் மருத்துவ மாது அந்த வழியில்தான் நாட்டின் கிராமங்களுக்குப் போய்ச் சேர்ந்தார். தோட்டங்களுக்கோ 1912 ஆம் ஆண்டுச் சட்டம் வேறு வழி வகுத்திருந்தது: தொழிலாளரின் வைத்தியம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. எத்தனையோ தோட்ட டிஸ்பென்சரிகளில் பட்டம் பெற்ற டாக்டர் இல்லை, தோட்ட வைத்திய உதவியாளர்தான் எல்லாம். 1990களில் அரசு சில தோட்ட ஆஸ்பத்திரிகளைப் பொறுப்பேற்றது. பழைய பிளவு இன்னும் முழுதாக மூடவில்லை.

நல்லதும் நடந்திருக்கிறது. டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டிய 150 கட்டில் வைத்தியசாலை 2017 மே மாதம் திறக்கப்பட்டது. 2016 இல் மேல், தென் மாகாணங்களில் ஓடத் தொடங்கிய, 1990 என்ற எண்ணில் அழைக்கும் இலவச அம்புலன்ஸ், 2018 முதல் மற்ற மாகாணங்களுக்கும் போனது. ஆனாலும் வண்டி ஏற முடியாத லயங்களிலிருந்து நோயாளியை இன்றும் ஆள்தான் தூக்கி இறக்க வேண்டும்.

இன்னொரு தடையும் உண்டு. சுகர், பிரஷருக்குக் கிளினிக் காலையில்தான். டவுனுக்குப் போய், வரிசையில் நின்று, மருந்து வாங்கித் திரும்பினால் அன்றைக்கு 'பேர்' (வேலை நாள் பதிவு) இல்லை. பேர் இல்லையென்றால் சம்பளமும் இல்லை. ஆகவே மாத்திரை முடிந்தாலும், "அடுத்த மாசம் பாப்போம்" என்று தொழிலாளர்கள் விட்டுவிடுகிறார்கள். இலவச வைத்தியம் அவர்களுக்கு ஒரு நாள் கூலியை விலையாகக் கேட்கிறது.

மாலையில் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கிளினிக் வைத்தால் அந்தக் கூலி மிஞ்சும். அதற்குத் தோட்ட நிர்வாகம் ஓர் அறை கொடுக்க வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஒரு வண்டியும், தமிழ் பேசும் ஒரு மருத்துவ மாதுவும் ஒதுக்க வேண்டும்.