எட்டுப் பருவங்களும் நம் வகுப்பறையும்

(செஞ்சியில் நடைபெற்ற ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எரிக் எரிக்சனின் எட்டுப் பருவங்களை பி.எட். தேர்வுக்காக நாம் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். எழுதினோம், மதிப்பெண் வாங்கினோம், மறந்துவிட்டோம். நானும் அப்படித்தான். எனக்கு அதை மீண்டும் நினைவூட்டியவர் ஒரு மாணவனின் தாய்.

ஆறாம் வகுப்பில் ஒரு மாணவன். எழுத்துக்கூட்டிக்கூட வாசிக்க வராது. ஒருநாள் அவனை எழுப்பி வாசிக்கச் சொன்னேன். திணறினான். "நீ மேய்க்கிற ஆடுகூட இதற்குள் படித்திருக்கும்" என்றேன். வகுப்பே சிரித்தது. மறுநாள் முதல் அவன் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் பத்து நாள் தொடர்ந்து விடுப்பு. அதன்பின் அவன் அம்மா வந்தார். சண்டை போடவில்லை. "படிப்பு வரலன்னா பரவாயில்ல சார். நாலு பேர் எதிர்ல கேலி பண்ணாதீங்க. வீட்ல வாயே தொறக்க மாட்டேங்கிறான்" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அன்று இரவுதான் பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன்.

1950இல் வெளிவந்த 'குழந்தைப் பருவமும் சமூகமும்' என்ற நூலில் எரிக்சன் மனித வாழ்வை எட்டாகப் பிரித்தார். ஒவ்வொரு பருவத்திலும் ஓர் இழுபறி உண்டு. கைக்குழந்தைக்கு நம்பிக்கையா அவநம்பிக்கையா என்பது. நடை பழகும் வயதில் தன்னாட்சியும் வெட்கமும். பள்ளிக்கு முந்தைய வயதில் முன்முயற்சியும் குற்ற உணர்வும். சுமார் ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை செயலூக்கமும் தாழ்வுணர்வும். வளரிளம் பருவத்தில் தன்னடையாளமும் பங்குக் குழப்பமும். பிறகு நெருக்கமும் தனிமையும். நடுவயதில் ஆக்கமும் தேக்கமும். முதுமையில் நிறைவும் விரக்தியும்.

இதில் நான்காவது முழுக்க நம் கையில் இருக்கிறது. "என்னால் ஒன்றைச் செய்ய முடியும்" என்ற எண்ணம் பிள்ளைக்கு வேரூன்றும் காலம் அது. அந்த வயதில்தான் நான் அவனை ஆட்டோடு ஒப்பிட்டேன்.

எரிக்சனும் நம்மைப்போல ஓர் ஆசிரியராக இருந்தவர்தான். வியன்னாவில் ஒரு சிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர். பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர். தன்னைப் பெற்ற தந்தை யாரென்று அறியாமலே வளர்ந்தவர். "நான் யார்" என்ற கேள்வியை அவர் ஆராய்ந்ததில் வியப்பில்லை.

அவன் அம்மா அழைத்து வந்து விட்டுப்போன சில வாரங்களில், பிள்ளைகளைக் கோட்டைக்கு அழைத்துச் சென்றோம். ராஜகிரியில் ஏறும்போது அவன்தான் முன்னால் போனான். மழைநீர் எந்தப் பாறையில் தேங்கும், கோடையில் எந்தச் சுனை வற்றாது, எந்த இடத்தில் கால் வழுக்கும் என்று வரிசையாகச் சொன்னான். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குபவன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினான்.

மறுநாள் அவன் சொன்னவற்றைக் கரும்பலகையில் ஆறு வரிகளாக எழுதினேன். "இது நீ சொன்னதுதான்டா, வாசி" என்றேன். தன் சொற்கள் என்பதால் ஊகித்து ஊகித்து வாசித்தான். அன்றே எல்லாம் மாறிவிடவில்லை. பாடநூலைத் தட்டுத்தடுமாறி வாசிக்க அந்த ஆண்டு முழுவதும் ஆயிற்று. ஆனால் அதன்பின் அவன் விடுப்பு எடுக்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். எரிக்சனின் வயது வரம்புகளை நம் பிள்ளைகள் மேல் அப்படியே பொருத்த முடியாது. அறுவடைக் காலத்தில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பத்து வயதுச் சிறுமி, பெரியவர்களின் பொறுப்பை முன்கூட்டியே சுமக்கிறாள். வயதை மட்டும் பார்க்காமல், அந்தப் பிள்ளை இப்போது எந்த இழுபறியில் இருக்கிறது என்று பார்ப்பதே நம் வேலை.

ஒரு பருவத்தில் விழுந்த விரிசலைப் பிறகு சரிசெய்ய முடியுமா? முடியும். நம் கோட்டையையே பாருங்கள். 1677இல் சிவாஜி கைப்பற்றியபின் மராட்டியர் மதில்களை வலுப்படுத்தினார்கள். பிறகு முகலாயர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் என்று கை மாறியது. அடிபட்ட கோட்டைதான், 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில், மராட்டியரின் பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாக இடம்பெற்றது. மனிதரும் பழுதுபார்க்கப்படுகிறார்கள். ஆனால் பழுதுபார்க்க ஒருவர் வர வேண்டும்.

நிறைவாக, நாமும் இந்த எட்டில் எங்கோ இருக்கிறோம். இங்கே அமர்ந்திருப்போரில் பலர் ஏழாம் பருவத்தினர். அடுத்த தலைமுறையை வளர்ப்பதில் நிறைவு காண்பதா, அதே பாடக்குறிப்பை ஆண்டுதோறும் படியெடுத்துத் தேங்குவதா என்பது நம் இழுபறி. நான் ஓய்வுபெறும் நாளை நெருங்குகிறேன். எட்டாம் பருவத்தில் திரும்பிப் பார்க்கும்போது, கோட்டையில் முன்னால் ஏறிய அவன் முகமும் தெரிகிறது. வகுப்பு சிரித்தபோது தலைகுனிந்து நின்ற முகமும் தெரிகிறது. இரண்டும் என் வகுப்பில் நடந்தவைதான்.

நாளைக் காலை வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போது, தொடர்ந்து விடுப்பில் இருக்கும் ஒரு பெயரில் சற்று நில்லுங்கள். ஏன் வரவில்லை என்று கேட்பதற்கு முன், கடைசியாக அந்தப் பிள்ளையிடம் நாம் என்ன சொன்னோம் என்று நினைத்துப் பாருங்கள்.