தடைபடும் காணொளியும் தவறும் மாத்திரையும்



மொழியியலைப் பயின்றும் பயிற்றுவித்தும் ஓய்வு பெற்ற யாம், வீட்டுக் கணினியில் காணொளி விட்டுவிட்டு ஓடுவதைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுட் சிலர்க்கு வியப்பளிக்கலாம். யாம் கணினிப் பொறியாளர் அல்லேம். ஒரு மாணவிக்கு யாம் இழைத்த தவறே எம்மை இப்பொருளுக்குள் கொண்டுவந்து சேர்த்தது. அதனை முதலிற் கூறிவிடுகிறோம்.

2020 ஏப்ரல் 8 அன்று சிங்கப்பூர்ப் பள்ளிகள் முழுமையாக வீட்டிலிருந்து கற்கும் முறைக்கு மாறின. அந்நாள்களில் உறவினர், நண்பர் வீட்டுப் பிள்ளைகள் சிலர்க்கு யாம் இணையவழி வாசிப்புப் பயிற்சி அளித்து வந்தோம். அவர்களுள் தொடக்கநிலை ஐந்தில் பயின்ற ஒரு மாணவி, 'பாடம்' எனப் படிக்க வேண்டிய இடத்தில் 'படம்' எனப் படிப்பதாக எமக்குக் கேட்டது. திருத்தினோம். 'இல்லை' என்பது 'இலை' எனக் கேட்டது. மீண்டும் திருத்தினோம். இரண்டு வாரங்களில் அப்பிள்ளை ஒவ்வொரு நெடிலையும் அளவுக்கு மீறி இழுக்கத் தொடங்கினாள். பின்னர் வாய்விட்டுப் படிக்கவே தயங்கினாள். அவள் தாயார் கைப்பேசியில் பதிவுசெய்து அனுப்பிய வாசிப்பைக் கேட்டபோதுதான் எமக்கு உண்மை விளங்கிற்று. குறிலும் நெடிலும் ஒற்றும் அளவு பிறழாமல் ஒலித்தன. பிழை அவள் நாவில் இல்லை. அவள் குரல் எம் செவிக்கு வந்த வழியில் இருந்தது.

தமிழில் ஒலியின் கால அளவு பொருளையே மாற்றும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்பது நாம் அனைவரும் தொடக்கப் பள்ளியிலேயே கற்ற கணக்கு. கண்ணிமைப்பையும் கைந்நொடிப்பையும் மாத்திரைக்கு அளவாகத் தொல்காப்பியம் கூறுகின்றது. இயல்பான பேச்சில் நெடிலுக்கும் குறிலுக்கும் உள்ள வேறுபாடு நூறு மில்லிநொடி அளவினதாகவோ அதனினும் குறைவாகவோ இருக்கும். இணையவழி உரையாடலிலோ, குரல் சிறுசிறு பொட்டலங்களாக நறுக்கப்பட்டே அனுப்பப்படுகின்றது. 2012இல் தரநிலையாக அறிவிக்கப்பெற்ற ஓப்பஸ் என்னும் ஒலிக்குறிமுறையில் ஒரு பொட்டலம் பெரும்பாலும் 20 மில்லிநொடி ஒலியைத் தாங்கும். அடுத்தடுத்து நான்கைந்து பொட்டலங்கள் வழியில் தொலைந்தால் ஒரு மாத்திரையே தொலைந்துபோகலாம். கேட்பவர்க்கு வெற்றிடம் தெரியாதவாறு கணினி அருகிலுள்ள ஒலியைக் கொண்டு ஒட்டுப்போடுகின்றது. ஆதலின் குரல் அறுபட்டது என்பதுகூடப் பல வேளைகளில் நமக்குத் தெரிவதில்லை. மாணவர் தவறாகப் படித்தார் என்றே தோன்றுகின்றது.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பதிவு செய்யப்பட்ட காணொளியைக் காணும்போது, கணினி அடுத்துவரும் பகுதியைச் சற்று முன்னதாகவே பெற்றுச் சேர்த்து வைக்கின்றது. வீட்டுக் கூரையில் உள்ள தண்ணீர்த் தொட்டியைப் போன்றது இச்சேமிப்பு. குழாயில் நீர்வரத்துக் குறைந்தாலும் தொட்டியில் நீர் உள்ளவரை கவலையில்லை. தொட்டி வற்றும்போதே வட்டம் சுழல்கின்றது, படம் நிற்கின்றது. தொலைந்த பொட்டலத்தை மீண்டும் கேட்டுப் பெறவும் அங்கே நேரம் உண்டு. நேரலை உரையாடலில் அத்தகைய பெருந்தொட்டி இல்லை. காத்திருந்தால் உரையாடல் பிந்தும்; ஆதலால் வராததை விட்டுவிட்டு மேலே செல்கின்றது.

இனி, காணொளி தடைபட்டால் காரணத்தை எவ்வாறு கண்டறிவது? மொழியியல் மாணவர்க்கு அவ்வழி புதிதன்று. இரு ஒலிகள் ஒரு மொழியில் தனித்தனி ஒலியன்களா என அறிய, ஓர் ஒலி மட்டுமே வேறுபடும் சொல்லிணையைத் தேடுகிறோம். 'பல்', 'கல்' என்பன போல. மற்றவை யாவும் ஒத்திருக்க, ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதே அம்முறை. காணொளிக்கும் அதுவே போதும். பலரும் கணினியை அணைத்து, ரவுட்டரை அணைத்து, உலாவியையும் மாற்றி, எல்லாவற்றையும் ஒருங்கே செய்துவிடுகின்றனர். ஓடத் தொடங்கினாலும் எது காரணம் என்பது தெரியாது. மறுநாள் மீண்டும் தடைபடும்.

முதற்சோதனை இது. பதிவுக் காணொளி ஒன்றைச் சிறிது நேரம் நிறுத்திவைத்து, கீழேயுள்ள சாம்பல்நிறக் கோடு முன்னோக்கி நீளும்வரை பொறுத்திருந்து பிறகு ஓடவிடுக. அப்போது தடையின்றி ஓடினால் குறை இணைப்பில் உள்ளது. கோடு நீண்டிருந்தும் படம் துள்ளித்துள்ளி ஓடினால், வட்டம் சுழலாமல் ஒலி மட்டும் சீராக வந்தால், குறை பெரும்பாலும் கணினியில் உள்ளது. படத்தின் தரத்தை 1080இலிருந்து 480க்குக் குறைப்பது உடனடி நிவாரணம் தரும். ஆயினும் அது இணைப்பின் சுமையையும் கணினியின் சுமையையும் ஒருசேரக் குறைப்பதால் காரணத்தைக் காட்டாது. மருந்து வேறு, நோய்நாடல் வேறு.

குறை இணைப்பில் எனக் கண்டால், கணினியைக் கம்பி வழியாக ரவுட்டருடன் இணைத்துப் பார்க்க வேண்டும். கம்பியில் சீராக ஓடினால் குறை வைஃபையில் உள்ளது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை தொலைவு செல்லும். ஆனால் அண்டை வீட்டு ரவுட்டர்களும் புளூடூத் கருவிகளும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே வெளியில் நெருக்குகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் விரைவானது. சுவர்களைத் தாண்டுவதில் வலிமை குன்றியது. கம்பியிலும் தடைபட்டால், வீட்டில் வேறு கருவி ஏதேனும் பெரிய கோப்பை இறக்குகிறதா எனப் பார்த்து, அதன்பின் வெவ்வேறு வேளைகளில் சோதித்து, குறிப்புடன் சேவை நிறுவனத்தை அணுகலாம். அளக்கும்போது பிட், பைட் என்னும் இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது. எட்டுப் பிட் சேர்ந்ததே ஒரு பைட். 1080 தரத்துக்கு நொடிக்கு ஏறத்தாழ 5 மெகாபிட் போதுமாதலால், விளம்பர வேகம் குறைவு என்பது அரிதாகவே காரணமாகின்றது. பொட்டலங்கள் சீரான இடைவெளியில் வந்து சேராமையே நேரலைக்குப் பெரும்பகை. வேகத்தை மட்டும் காட்டும் சோதனையில் அது வெளிப்படாது.

குறை கணினியில் எனக் கண்டால், பணி மேலாளரைத் திறந்து செயலியின் சுமையைப் பார்க்க வேண்டும். அது நூறு விழுக்காட்டை ஒட்டி நின்றால், தேவையற்ற பக்கங்களையும் செயலிகளையும் மூடுக. உலாவியின் அமைப்பில் வன்பொருள் முடுக்கம் இயங்குகிறதா எனக் காண்க. வரைகலைக்குரிய இயக்கி மென்பொருளைப் புதுப்பிக்க. 2018இல் வெளிவந்த ஏவி1 போன்ற புதிய குறிமுறைகளை விரித்துக் காட்டும் உறுப்பு பழைய கணினிகளில் இல்லை. முழுச்சுமையும் செயலியின் தலையில் விழுகின்றது. மடிக்கணினியின் விசிறியில் தூசு அடைந்தால் வெப்பம் மிகும்; தன்னைக் காத்துக்கொள்ளக் கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

எம் வீட்டில் இச்சோதனைகளைச் செய்தபோது இரு குறைகள் புலப்பட்டன. வீவக வீடுகள் பலவற்றில் உள்ள பாதுகாப்பறையை நீங்கள் அறிவீர்கள். பார்வைக்கு மறைவாக இருக்கட்டும் என எண்ணி, தடித்த கற்காரைச் சுவரும் எஃகுக் கதவும் உடைய அவ்வறைக்குள் ரவுட்டரை வைத்துக் கதவையும் சாத்தியிருந்தோம். அதனை வெளியே கூடத்து அலமாரியின் மேல் வைத்ததும் குரல் அறுபடுவது நின்றது. கணினியின் விசிறித் தூசைத் துடைத்தபின் படம் துள்ளுவதும் குறைந்தது. இரண்டுக்கும் ஒரு வெள்ளி செலவில்லை. ஆனால், அவற்றைச் செய்யுமுன் ஒரு பிள்ளையின் நாவில் இல்லாத பிழையை இரு வாரங்கள் திருத்தியிருந்தோம்.

ஆதலின் ஆசிரியப் பெருமக்களுக்கு எம் வேண்டுகோள் மூன்று. நேரலையில் கேட்டதை மட்டும் கொண்டு குறில் நெடிலுக்கும் ஒற்றுக்கும் மதிப்பெண் குறைக்காதீர்கள். மாணவரைக் கைப்பேசியில் பதிவுசெய்து கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். கோப்பு பிந்தி வரலாம், குறைபட்டு வராது. குரல் அறுபடுமாயின் இருபுறமும் ஒளிப்படக் கருவியை அணைத்து, குரலுக்கு வழி விடுங்கள். வழக்கமாக நன்கு படிக்கும் பிள்ளை திடீரெனத் தவறினால், திருத்துமுன் "மீண்டும் ஒருமுறை சொல்லம்மா, எனக்குச் சரியாகக் கேட்கவில்லை" என்று கூறுங்கள். மாணவர்களே, உங்கள் குரல் வெளியே செல்லும் பாதையும் சோதனைக்குரியது. தயங்காமல் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

நம் நாட்டில் தமிழைப் பிள்ளைகள் செவிவழிக் கேட்கும் நேரம் குறைவு. அந்தக் குறைந்த நேரத்திலும் மாத்திரை உதிர்ந்த தமிழ் அவர்களை அடையுமானால், அதனையே அவர்கள் தமிழென்று கொள்வர். அம்மாணவியிடம் யாம் வருத்தம் தெரிவித்தோம். "பரவாயில்லை, தாத்தா" என்றாள். அந்த 'பரவாயில்லை'யில் ஐந்தாம் எழுத்தாகிய லகர ஒற்று முழு அளவில் ஒலித்தது.